கறுப்பு ஜிஎன்எக்ஸ்: கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்

பொம்மைக் காருக்குப் பதிமூவாயிரமா என்று வீட்டில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் பட்டறை கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் இருக்கிறது. கேரளத்து கேஎல் 70 வண்டியும் தமிழ்நாட்டு டிஎன் 41 வண்டியும் சரிக்குச் சரி வந்து நிற்கும். வருகிற பையன்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான், அகலமான வீல் போடலாமாண்ணா, சைலன்சர் மாத்தலாமாண்ணா. முடியாது என்று அனுப்பிவிடுவேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கே கேரள ஆர்டிஓ கொண்டுபோனதுதான், எம்விடி (கேரள மோட்டார் வாகனத் துறை) வண்டி பாலக்காட்டுச் சித்தூர் ரோட்டில் நின்றால் தென்னந்தோப்பு வழியாகத் திரும்பி ஓடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறவனுக்கு, கம்பெனியே தன் காரை வெளியே அனுப்பி மாற்றி, உள்ளே நம்பர் போட்ட தகடும் வைத்து விற்றது என்றால் ஆசை வருமா வராதா?

அந்தக் கார்தான் 1987 பியூக் ஜிஎன்எக்ஸ். நான் வாங்கியது அதன் 1:18 டை-காஸ்ட், அதாவது அசலில் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு உலோகத்தில் வார்த்த மாடல், நீளம் 28 சென்டிமீட்டர் சொச்சம். பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். கவிழ்த்துப் பார்க்கலாமா என்றதும் "கொழப்பமில்ல அண்ணா, அடியில தானே வேலையே இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

ஏனென்றால் இந்தக் காரில் மேலே பார்க்க ஒன்றும் கிடையாது. பெட்டி மாதிரி இரண்டு கதவுக் கார், கறுப்பைத் தவிர வேறு கலரே இல்லை, கோடு இல்லை. அமெரிக்க மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்) என்றால் எட்டு சிலிண்டர் வி8 என்றுதான் நினைப்போம், இதில் இருப்பது ஆறு சிலிண்டர் 3.8 லிட்டர் வி6, இன்ஜினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கிற ஒரு டர்போவோடு. பியூக் அப்போது விற்றுக்கொண்டிருந்த கிராண்ட் நேஷனலை எடுத்து, மிச்சிகனில் ஏஎஸ்சி, மெக்லாரன் என்ற இரண்டு பெயரும் சேர்ந்த கூட்டணியிடம் வேலைக்குக் கொடுத்தார்கள். மொத்தம் 547 கார், அவ்வளவுதான். மாற்றிய வேலைக்கு மட்டும் 10,995 டாலர்! டர்போவின் உள்ளே சுற்றுகிற சக்கரத்தை எடை குறைந்த செராமிக்கில் செய்தார்கள், அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் பெரிதானது, கியர் பாக்ஸும் கம்ப்யூட்டரும் மாற்றி அமைக்கப்பட்டன. காகிதத்தில் 276 குதிரை சக்தி, சாதாரண கிராண்ட் நேஷனலுக்கு 245. உண்மையில் 276-க்கு மேலே இருக்கும் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு உண்டு.

ஆனால் பட்டறைக்காரன் கண்ணுக்கு விஷயம் பின் ஆக்சில்தான். இவ்வளவு டார்க்கை (முறுக்கு விசையை) பின் சக்கரத்துக்கு அனுப்பினால், சக்கரம் ஒரு பக்கம் சுற்றும்போது ஆக்சில் ஹவுசிங், அதாவது ஆக்சிலின் கூடு, எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், டயர் துள்ளும், பிடி போகும். டிராக்டரில் கிளட்சைப் படக்கென்று விட்டால் மூக்கு தூக்குமே, அதே கதை. ஜிஎன்எக்ஸில் ஆக்சில் நடுவே இருக்கிற டிஃபரன்ஷியல் மூடியையே புதிதாக வார்த்து, அதிலிருந்து ஏணி மாதிரி ஒரு நீளமான லேடர் பாரை முன்னால் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். முறுக்கு முழுவதும் அந்தப் பார் வழியாக பாடியைத் தூக்கும், டயரைக் கீழே அமுக்கும். அதனால்தான் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இந்தக் காரின் பின்பக்கம் உட்காராமல் எழும்பும். ஆக்சில் இடம் வலமாக நகராமல் இருக்கப் பானார்டு ராடு வேறு: ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை ஃபிரேமில்.

இனி மாடல். கவிழ்த்ததும் முதலில் அந்த லேடர் பாரைத்தான் தேடினேன். இருக்கிறது. தனித் துண்டாக, நடுவே குறுக்குக் கம்பிகளோடு, ரிப் வைத்த மூடியில் வந்து சேர்கிறது. நகம் வைத்துத் தட்டிப் பார்த்தேன், அச்சில் வார்த்த பொம்மைக் கோடு இல்லை. பானார்டு ராடும் இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக், கை பட்டால் வளைகிறது. முன் மட்கார்டில் சூடு வெளியேறுவதற்கு வைத்த காற்றுத் துளைகளை மட்டும் ஏமாற்றிவிட்டார்கள். அசல் காரில் அது அலங்காரமில்லை, நிஜமாகவே திறந்திருக்கும், இதில் வெறும் பள்ளம். பதிமூவாயிரத்துக்கு நாலு துளை போடக் கூடாதா?

வீலும் அப்படித்தான். 16 அங்குலக் கறுப்பு மெஷ் வீல் அச்சு அசலாக இருக்கிறது, கண்ணை எடுக்க முடியவில்லை. அசலில் முன் டயர் அகலம் 245 மில்லிமீட்டர், பின் டயர் 255, இதில் நாலும் ஒன்றே. அக்கா பையன் பக்கத்தில் நின்று, "மாமா, பத்து மில்லிமீட்டரைப் பதினெட்டால வகுத்தா அரை மில்லிமீட்டர்தானுங்க, அதையாருங்க பாப்பாங்க" என்றான். நான் பார்ப்பேன்.

பானட் திறந்தால் இன்ஜின் திருப்தி. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற பைப் வரைக்கும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். டாஷ்போர்டில் வட்ட மீட்டர்கள் லென்ஸ் வைத்தால் படிக்க முடிகிறது, நம்பர் தகடு இருக்கிறது, நம்பர் மட்டும் படிக்க வராது. வலது கதவு ஒரு மயிரிழை தொங்குகிறது. நான் பார்த்த மூன்று பீஸில் இரண்டில் அப்படி, அதனால் வாங்குகிறவர்கள் கதவைத் திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள். பெயின்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்பு கறுப்புதான், எங்கள் ஊர் ஆடிக் காற்றில் ஒரே நாளில் புழுதி ஏறிவிடும், கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள்.

பளபளவென்று வரவேற்பறையில் வைக்க மசில் கார் வேண்டும் என்றால் இது வேண்டாம், பார்க்கிறவர்கள் பழைய டாக்சியா என்று கேட்பார்கள். என்னிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று. நான் ஒரு பழைய அம்பாசடர் சைடு மிரரைப் படுக்கப்போட்டு, நாலு நட் முட்டுக்கொடுத்து, அதன்மேல் காரை நிறுத்தி லேத்துக்கு எதிர் ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன். சைலன்சர் மாற்ற வருகிற பையன்களைக் குனிந்து பார்க்கச் சொல்கிறேன், லேடர் பார் நன்றாகத் தெரிகிறது.