கீரையா, வெண்டையா, முள்ளுக்கத்தரியா? வேலூர் புழக்கடையில் பிள்ளைகளோடு ஒரு விதைப்புப் பட்டம்

வேலூரில் பத்தடிக்குப் பத்தடி புழக்கடை வாய்ப்பதே பெரிது. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பல வீடுகளில் அதில் பாதியைத் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கும் கல்லும் பிடித்துக்கொள்கின்றன. மிச்ச இடத்தில் எது அதிகம் காய்க்கும் என்றுதான் பெரியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பிள்ளைகளோடு பயிரிடும்போது வேறு கேள்வி கேட்க வேண்டும்: எந்தச் செடி அவர்கள் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும்? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதால், மூன்றையும் ஆடி முதல் வாரத்தில் விதைப்பதாக வைத்துக்கொள்வோம்.

முந்துவது கீரைதான். விதை கடுகைவிடப் பொடி. மணலோடு கலந்து தூவுவது நாலு வயதுக் குழந்தைக்கும் கைவரும். சில நாளில் முளை தெரியும். முளைக்கீரையை ஆடி முடிவதற்குள் பறித்துவிடலாம். எறும்புதான் பகை. பாத்தியைச் சுற்றி அரிசி நொய்யைத் தூவினால் விதையை விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு போகும்; அந்த ஊர்வலத்தைப் பார்க்கவே பிள்ளைகள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். ஆனால் விதைப்பதற்கும் பிடுங்குவதற்கும் நடுவே தண்ணீர் தெளிப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இல்லை. அரைக்கீரை என்றால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் என்பதால், கீரையில் என் ஓட்டு அதற்கே. தன் கையால் பறித்த கீரையைப் பிள்ளை மறுக்காமல் சாப்பிடும் என்பார்கள். அதை முழுக்க நம்ப வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வெண்டையே முதல் தேர்வு. இரவு ஊறவைத்த விதையை விரல்கணு ஆழத்தில் ஊன்றினால் போதும், நாற்று விடும் வேலை கிடையாது. ஏறக்குறைய 45 நாளில், ஆவணி நடுவில், முதல் காய் வந்துவிடும். வெளிர்மஞ்சள் பூவின் நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்தது சாயங்காலமே சுருண்டுவிடும். அதன்பின் ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. நேற்று சுண்டுவிரல் அளவு இருந்தது இன்று நடுவிரலைத் தாண்டியிருப்பதைப் பிள்ளை தன் கையை வைத்தே அளந்துகொள்ளலாம். நுனியை மடக்கினால் 'டக்'கென்று ஒடிய வேண்டும்; வளைந்தால் முற்றல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார்தான் மிஞ்சும். இந்தக் கெடுபிடிதான் வெண்டையின் பெருமை: பெரியவர்கள் மறந்தாலும் செடி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். செடியின் சுனை, அதாவது மெல்லிய முடி, அரிக்கும்; முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். நாலைந்து செடி ஒரு பொரியலுக்குத் தேறாது, பத்தாவது வேண்டும்.

முள்ளுக்கத்தரியை வேலூர்க்காரர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் இந்தக் கத்தரிக்குத்தான் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசியில் போட்டியே இல்லை. பொறுமைதான் வேண்டும்: நாற்றாங்காலில் ஒரு மாதம், பிடுங்கி நட்டபின் இரண்டு மாதம், காய் தீபாவளியை ஒட்டித்தான் வரும். காம்பிலும் இலையிலும் முள், சின்னக் கைகளுக்கு ஆகாது. பத்து வயதுக்கு மேல் என்றால் கதை வேறு. துவண்டு தொங்கும் குருத்தைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் துப்பறியும் வேலைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்; மருந்தடிக்கும் அவசியமும் குறையும். நாட்டு ரகம் என்பதால் ஒரு காயைப் பழுத்து மஞ்சளாகும்வரை விட்டு, அடுத்த பட்டத்துக்கு விதையும் எடுக்கலாம். கலப்பின விதையில் இது சரிப்படாது.

தக்காளியைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். நம் ஊர்க் கோடையில் அது பூவை உதிர்த்துவிடும், புரட்டாசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தரையா, செடி வளர்க்கும் பையா என்பதில் எனக்குத் தரைதான். மண்புழுவைப் பையில் தேட முடியாது. வெயிலில் பை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுவதால் இருவேளையும் தண்ணீர் கேட்கும். ஆனால் பல வீடுகளில் புழக்கடையைத் தோண்டினால் கட்டட இடிபாடுதான் வருகிறது. அங்கே செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு கலந்த பை தவிர வழியில்லை. கத்தரியை மட்டும் தரை இருந்தாலும் பையில் வைப்பேன். சின்னவன் நடக்கப் பழகும் வீட்டில் முள்ளை மூலைக்கு நகர்த்த முடியும்.