க்ரூஸ் ஸ்விட்ச் பழுது: புதுசு போடுவதா, ஸ்கேனரா, ஓமா, வோல்ட்டா?

க்ரூஸ் கன்ட்ரோல், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே காரை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் வசதி, பிடிக்கவில்லை என்று ஒரு கார் வந்தால் சிலர் உடனே புது ஸ்விட்ச் ஆர்டர் போடுகிறார்கள். சிலர் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். சிலர் ஸ்விட்ச்சைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை பார்க்கிறார்கள். சர்க்யூட்டைக் கழற்றாமல், மின்சாரம் ஓடுகிற நிலையிலேயே வோல்ட் பார்ப்பவர்கள் குறைவு. என் ஓட்டு அந்தக் கடைசி வழிக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, சில வருடங்களுக்கு முன் வந்த டொயோட்டா கொரோலா, கேம்ரி கார்களை எடுத்துக்கொள்வோம். ஸ்டியரிங்கின் வலப்பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவர்தான் ஸ்விட்ச். நுனியில் ஆன்-ஆஃப் பட்டன். கீழே தட்டினால் செட் (இப்போதைய வேகத்தைப் பிடிப்பது), மேலே தள்ளினால் ரெஸ்யூம் (முன்பு வைத்த வேகத்துக்குத் திரும்புவது), நம் பக்கம் இழுத்தால் கேன்சல். நான்கு வேலைக்கும் சேர்த்து இரண்டே வயர்கள். உள்ளே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது: ரெஸ்யூமுக்குச் சுமார் 240 ஓம், செட்டுக்கு 630, கேன்சலுக்கு 1,540. ஆன் பட்டனை அழுத்தினால் கிட்டத்தட்ட பூஜ்யம். எதையும் தொடாவிட்டால் 10 கிலோ ஓமுக்கு மேல், அதாவது திறந்த சர்க்யூட். வயரில் வரும் வோல்டேஜைப் பார்த்துத்தான் எதை அழுத்தியிருக்கிறோம் என்று ஈசியூ, அதாவது காரின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர், புரிந்துகொள்கிறது.

முதலில் ஸ்விட்ச்சை மாற்றுவதைப் பார்ப்போம். லீவரைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூதான், வேலை சீக்கிரம் முடியும். பழுது ஸ்விட்ச்சிலேயே இருந்தால் நல்லது. ஆனால் அந்த வயர் ஸ்விட்ச்சோடு நிற்பதில்லை. கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங் திரும்பும்போதும் தொடர்பு விடாமல் வைத்திருக்கும் சுருள் ரிப்பன்) வழியாக இறங்கி, கனெக்டர்களைக் கடந்து ஈசியூவுக்குப் போகிறது. பிரேக் ஸ்விட்ச் சரியான சிக்னல் தராவிட்டாலும் க்ரூஸ் பிடிக்காது. இத்தனையில் ஒன்றை மட்டும் ஊகித்து மாற்றுவது வாடிக்கையாளர் பணத்தில் சீட்டு எடுப்பது. எனக்கு இதில் சம்மதமே இல்லை.

அடுத்தது ஸ்கேனர். கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண், வந்தால் சந்தோஷம்: பி0571 என்றால் பிரேக் ஸ்விட்ச் பக்கம், பி0500 என்றால் வேக சென்சார் பக்கம் போகலாம். கோடு வராவிட்டால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். யாரும் லீவரைத் தொடாத நிலையில் சர்க்யூட் திறந்துதான் இருக்கும் என்று மேலே பார்த்தோம். வயர் அறுந்தாலும் அதே நிலைதான். ஈசியூவுக்கு இரண்டும் ஒன்று. டிரைவர் எதையும் அழுத்தவில்லை என்று நினைத்து அது பேசாமல் இருந்துவிடும். ஆகவே, கோடு இல்லை என்பதால் சர்க்யூட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

ஸ்கேனரில் நிஜமாகவே உதவுவது லைவ் டேட்டா, அதாவது ஈசியூ அந்த நொடியில் பார்ப்பதை அப்படியே காட்டுவது. செட்டை அழுத்தும்போது திரையில் செட் ஆன் என்று மாறுகிறதா? பிரேக்கை மிதிக்காமலேயே பிரேக் ஆன் என்று காட்டுகிறதா? இதற்கு ஐந்து நிமிஷம் போதும், ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவு விலை ப்ளூடூத் அடாப்டரும் இலவச ஆப்பும் பெரும்பாலும் புகை தொடர்பான பொது டேட்டாவைத்தான் காட்டும், க்ரூஸ் ஸ்விட்ச் நிலை அதில் வராது. அந்தக் கம்பெனி காருக்கான டேட்டாவைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

பிரேக் பற்றி இன்னொன்று. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது, அதனால் பிரேக் ஸ்விட்ச் நல்லது என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பல கார்களில் அந்த ஸ்விட்ச்சுக்குள் இரண்டு கான்டாக்ட் உண்டு. மிதித்தால் மூடி விளக்கை எரிய வைப்பது ஒன்று, மிதித்தால் திறந்து க்ரூஸை விடுவிப்பது இன்னொன்று. இரண்டாவது கெட்டுப்போனாலும் விளக்கு வழக்கம்போல எரியும்.

மூன்றாவது வழி, ஓம். ஸ்விட்ச்சைக் கழற்றி மேலே சொன்ன எண்கள் வருகிறதா என்று பார்ப்பது. ஸ்விட்ச்சை மட்டும் தனியாகச் சோதிக்க இதைவிடத் தெளிவான வழி கிடையாது. குறை என்னவென்றால், கழற்றிய பொருளைத்தான் அளக்கிறோம். கனெக்டரைப் பிடுங்கி மாட்டும்போதே துரு கொஞ்சம் உரசிப் போய் பழுது தற்காலிகமாக மறைவதும் உண்டு. பல மாடல்களில் ஏர்பேகை எடுத்தால்தான் ஸ்விட்ச்சை வெளியே எடுக்க முடியும் என்ற தொல்லை வேறு.

இனி வோல்ட். ஸ்டியரிங் தண்டின் கீழ் மூடியைக் கழற்றினால் கிளாக் ஸ்பிரிங்கிலிருந்து இறங்கும் கனெக்டர் தெரியும். மஞ்சள் கனெக்டர் ஏர்பேகுடையது, அதைத் தொடவே கூடாது. மற்றதில், மாட்டிய நிலையிலேயே க்ரூஸ் வயரின் பின்பக்கம் மெல்லிய ஊசி முனையை விட்டு, மீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில் வைத்து, இக்னிஷனைப் போடுங்கள். லீவரைத் தொடாதபோது பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். கேன்சலில் சுமார் 6.6 முதல் 10.1 வரை, செட்டில் 4.5 முதல் 7.1, ரெஸ்யூமில் 2.3 முதல் 4, ஆன் பட்டனில் 1 வோல்ட்டுக்குக் கீழே. காருக்குக் கார் எண் மாறும், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவில் ஸ்விட்ச், கிளாக் ஸ்பிரிங், எர்த் மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. உதாரணமாக, எர்த் பக்கம் துருப்பிடித்து 300 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். ஆன் பட்டனை அழுத்தினால் 1 வோல்ட்டுக்குப் பதில் மூன்றரை வோல்ட் அளவுக்கு வரும். அது ரெஸ்யூமின் இடம். ஈசியூ அதை ஆன் என்று எடுத்துக்கொள்ளாது, க்ரூஸ் விளக்கும் எரியாது. ஸ்விட்ச்சைக் கழற்றி ஓம் பார்த்தால் எல்லா எண்ணும் கச்சிதமாக இருக்கும். புது ஸ்விட்ச் போட்டாலும் பழுது அப்படியே நிற்கும்.

விட்டு விட்டு வரும் பழுதுக்கும் இதுதான் சரி. ஒருவர் லீவரைக் கேன்சலில் இழுத்துப் பிடித்திருக்க, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எங்கேயாவது வோல்டேஜ் சட்டென்று 12-க்குத் தாவினால் வழியில் தொடர்பு விடுகிறது. முதல் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல்தான். ஹாரனும் அப்படியே விட்டு விட்டு அடித்தாலோ ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ சந்தேகம் இன்னும் உறுதியாகும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும், கண நேரத் துண்டிப்பு அதில் நழுவிவிடும். குறைந்த, கூடிய அளவைப் பிடித்துவைக்கும் மின்-மேக்ஸ் (Min-Max) பட்டன் உள்ள மீட்டரோ, பழைய முள் மீட்டரோ இருந்தால் நல்லது.

ஸ்விட்ச் சிக்னல் லின் (LIN) என்ற ஒற்றை வயர் தகவல் இணைப்பில் டிஜிட்டலாகப் போகும் புதிய கார்களில் இந்த வோல்ட் கணக்கு உதவாது. அங்கே சப்ளையும் எர்த்தும் சரியா என்று பார்த்துவிட்டு லைவ் டேட்டாவைத்தான் நம்ப வேண்டும்.

கிளாக் ஸ்பிரிங்கை மாற்றுவது என்று முடிவானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள், டொயோட்டா குறைந்தது 90 விநாடி கேட்கிறது. ஏர்பேக் வயரில் ஓம் மீட்டர் வைக்கவே வேண்டாம். சக்கரம் நேராக இருக்கும்போது, புது ஸ்பிரிங்கின் நடுக்குறி பொருந்தியபடி மாட்டுங்கள். நடு தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே ரிப்பன் அறுந்துவிடலாம்.