'அசல் தோல்' பிரஷ் பெல்ட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மணப்பெண் ஒப்பனைத் தொழிலில் இருக்கும் தோழிகளுக்கு: சமூக ஊடகப் பக்கங்களில் 'அசல் மாட்டுத்தோல், உங்கள் பெயர் பொறித்துத் தருகிறோம்' என்று ஒப்பனை பிரஷ்களைச் செருகி இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிரஷ் பெல்ட் விற்கிறார்களே, அப்படி ஒன்றுக்கு 3,800 ரூபாய் கொடுத்தேன். வந்தது தோலே இல்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெல்ட் என் நல்ல பிரஷ்களைக் கெடுத்ததும், கேட்கப் போன இடத்தில் அவர்கள் சட்டம் பேசியதும்தான் என்னை எழுத உட்காரவைத்தது.

பெல்ட் எதற்கு என்று வெளியிலிருப்பவர்கள் கேட்கலாம். அதிகாலை முகூர்த்தம் என்றால் நமக்கு இரண்டரை மணிக்கே வேலை தொடங்கிவிடும். மணமகள் அறை என்று மண்டபத்தில் ஒதுக்கும் இடத்தில் மேசை கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பூக்கூடை, நகைப்பெட்டி, காபி டம்ளர் எல்லாம் நமக்கு முன்பே அதில் குடியேறியிருக்கும். பிரஷ்களை டம்ளரில் நிறுத்திவைத்தால் புடவை மாற்ற வருகிற யாராவது ஒரு சித்தி முழங்கையால் தட்டிவிடுவார். தரையில் விழுந்த பிரஷை எடுத்து முகத்தில் வைக்க முடியாது. இடுப்பில் கட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அவர்கள் விளம்பரத்தில் என்னை இழுத்தது ஒரே ஒரு வரி: 'ஆல்கஹால் ஸ்பிரே பட்டாலும் ஒன்றும் ஆகாது.' ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவருக்குப் போகும் முன் பிரஷில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துணியில் துடைப்பது நம் எல்லோருக்கும் வழக்கம்தானே. அதைத் தாங்காத பை நமக்கு எதற்கு? பணம் கட்டும்போதே பில் கேட்டேன். "பார்சலோடு வரும் சிஸ்டர்" என்றார்கள். பார்சலில் வந்தது ரோஜா நிறத்தில் ஒரு நன்றி அட்டையும் இரண்டு சாக்லேட்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எதுவும் பெட்டியில் இல்லை. மறுபடியும் பில் கேட்டேன். கண்ணடிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார்கள்.

முதல் சில வாரங்களிலேயே வெள்ளை ஆட்டுமுடி பவுடர் பிரஷின் ஓரம் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கியது. படம் எடுத்து அனுப்பினேன். "புதுத் தோல் கொஞ்சம் சாயம் விடும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று பதில். மிகவும் கனிவான பதில். அந்தக் கனிவு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மழைக்காலம் வந்தது. கார்த்திகை முகூர்த்தம் ஒன்றில் மணப்பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே, ஒப்பனை கலையாமல் நிற்பதற்கான செட்டிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். கன்னத்தில் மிளகுத்தூள் போல நாலைந்து கரும்புள்ளிகள். மஸ்காரா உதிர்ந்திருக்கும் என்று பஞ்சால் ஒற்றினேன். புள்ளி போகாமல் பிசுபிசுவென்று கோடு இழுத்தது. பிரஷைத் திருப்பிப் பார்த்தால் முடிக்குள் முழுக்கக் கறுப்புச் செதில். பெல்ட்டின் உள்பக்கத்தை விரலால் தடவினேன், விரல் நுனி கறுத்துவிட்டது. ஒரு பக்கக் கன்னத்தை முழுவதும் துடைத்து பவுண்டேஷனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா, "என்னம்மா, பழைய பிரஷா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

பெல்ட்டைப் பெரியமேட்டுக்கு எடுத்துப்போனேன். சென்னையில் தோல் என்றால் அந்த இடம்தான். கடை பாய் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெட்டிய விளிம்பை நகத்தால் நெம்பினார். மேலே காகிதம் போன்ற கறுப்புப் படலம் தனியாக உரிந்து வந்தது; அடியில் பின்னல் துணி. "தோலாக இருந்தால் ஓரத்தில் நார் தெரியும்மா. இது துணிமேல் பூச்சு. துணிக்கு மாடு எங்கிருந்து வரும்?" என்றார். இப்படித் துணிமேல் பூசும் பாலியூரித்தேன் என்ற நெகிழிப் பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிதைந்து உதிரும். கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த சரக்கென்றால் இன்னும் சீக்கிரம். அதற்குச் சென்னைக் காற்று போதாதா?

படங்களோடு பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இப்போது கனிவு காணாமல் போயிருந்தது. மூன்று பதில் வந்தது. ஒன்றைவிட ஒன்று அழகு.

ஈர பிரஷை வைத்ததால்தான் கெட்டதாம். கழுவிய பிரஷை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் முடியைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் உலோகக் குழலுக்குள் இறங்கிப் பசை இளகும், முடி கொட்டும், கைப்பிடி ஆடும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை வாடை வரும். அதனால் முடிப்பகுதி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே நான் பைக்குள் வைப்பேன். இந்தப் பாடத்தை எனக்கு நடத்த வேண்டாம்.

பெயர் பொறித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். என் பெயரைப் பொறித்ததால் துணி தோலாகிவிடுமா? சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறக் காலவரம்பு எதுவும் எழுதித் தராவிட்டால் முப்பது நாள் என்கிறது அதே சட்டம். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற கனிவின் பொருள் இதுதான்: முப்பது நாளைத் தள்ளிவிடுவது. சாயம் விட்டதைப் பற்றி உடனே அனுப்பிய படமும் தேதியும் என் கைபேசியில் இருந்ததால் அந்தக் கதை என்னிடம் பலிக்கவில்லை.

மூன்றாவதுதான் உச்சம்: "தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை." நம்மில் பலர் இதைக் கேட்டுப் பின்வாங்கிவிடுகிறோம். சொந்த உழைப்பில், பிழைப்புக்காகவே தானே பயன்படுத்த வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிறவள் நுகர்வோர்தான். இதை எழுதி அனுப்பியதும், மேலும் செய்தி அனுப்ப முடியாதபடி என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகு வேறொரு எண்ணிலிருந்து பாதிப் பணம் தருவதாகச் செய்தி வந்தது, புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே கொடுக்கலாம், வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். பணம் அனுப்பிய பதிவு, உரையாடல், வந்த பெட்டி, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; சண்டை தொடங்கியதும் விளம்பரத்தை அவர்கள் முதலில் அழிப்பார்கள், என் விஷயத்தில் அழித்துவிட்டார்கள்.

இனி வாங்குகிறவர்கள் வெட்டுவிளிம்பையும் உள்பக்கத்தையும் கிட்டத்தில் காணொலி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கத்தை மட்டும் மஞ்சள் விளக்கில் சுற்றிச் சுற்றிக் காட்டினால் விட்டுவிடுங்கள். ஈரத்துணியால் உள்பக்கத்தைத் தேய்த்துக் காட்டச் சொல்வதும் நல்லது. நியாயமான வியாபாரி கோபப்பட மாட்டார்.

நான் தெருமுனைத் தையல்காரரிடம் கெட்டிக் காடாத் துணியில் சுருட்டி வைக்கும்படி இரண்டு பை தைத்துக்கொண்டேன். ஒன்று சுத்தமான பிரஷுக்கு, இன்னொன்று பயன்படுத்தியதற்கு; இரண்டும் வேறு நிறம், அவசரத்தில் கை மாறாது. முடி நசுங்காமல் ஒவ்வொரு பிரஷுக்கும் வலைக்கூடு. மேல்மடிப்பை நீளமாக விடச் சொல்லுங்கள்; அது குட்டையாக இருந்தால் பை திரும்பும்போது பிரஷ் நழுவி வெளியே வரும். வேலை முடிந்ததும் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிடலாம்.