கையெழுத்தா, குலுக்கலா, வாக்குச்சீட்டா: ஐரோப்பாவில் மக்கள் சொல் எங்கே எடுபடுகிறது?

2019 மார்ச் முதல் வாரத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது இருந்த 28 நாடுகளின் பத்திரிகைகளிலும் ஒரே கடிதம் வெளியானது. எழுதியவர் பிரெஞ்சு அதிபர் இம்மானுவேல் மக்ரோன். ஐரோப்பாவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மக்களையும் உட்காரவைத்து ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு முன்பே ஒன்றியத்துக்குள் ஒரு கவலை ஊறிக்கொண்டிருந்தது. 1979-ல் முதல் நேரடித் தேர்தலில் 62 சதவீதம் பேர் வாக்களித்த ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 2014-ல் 43 சதவீதம்கூட வரவில்லை.

மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் யாரும் மறுப்பதில்லை. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. பத்து லட்சம் கையெழுத்து திரட்டுவது, குலுக்கலில் ஆள் எடுத்துப் பேசவைப்பது, நேரடியாக வாக்கெடுப்பு நடத்துவது, ஐரோப்பா முழுவதற்கும் ஒரே வேட்பாளர் பட்டியல் போடுவது என்று நான்கு வழிகள் இருக்கின்றன. மூன்றைச் செய்து பார்த்துவிட்டார்கள், ஒன்று இன்னும் காகிதத்தில் இருக்கிறது. நான்கையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது: மக்கள் பேசி முடித்த பிறகு, அதற்குக் கட்டுப்பட்டவர் யார்?

கையெழுத்து

ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் கொடுத்த உரிமை இது. 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஏழு நாடுகளில் தலா ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாண்டி, மொத்தம் 10 லட்சம் கையெழுத்தை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால், ஒன்றியத்தின் சட்டங்களை முன்மொழியும் அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும். சுமார் 45 கோடிப் பேர் வாழும் இடத்தில் 10 லட்சம் பெரிய எண் இல்லை என்று தோன்றலாம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜெர்மனியில் பெயர், முகவரி, பிறந்த தேதி போதும்; இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அடையாள அட்டை எண்ணையும் கேட்பார்கள். தெருவில் நிறுத்திக் கையெழுத்து கேட்பவரிடம் அட்டையை எடுத்து நீட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்? இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் பதிவாகியும், கோட்டைத் தாண்டியவை பத்துச் சொச்சம்தான்.

முதலில் தாண்டியது தண்ணீர். தண்ணீர் பொதுச் சொத்து, விற்பனைச் சரக்கு அல்ல என்று பொதுத்துறைத் தொழிற்சங்கங்கள் தொடங்கிய இயக்கம் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்லுபடியான கையெழுத்துகளைப் பெற்றது. அதில் பெரும்பகுதி ஜெர்மனியில் விழுந்தது; அங்கே நகராட்சிக் குழாயைத் தனியாரிடம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது. கையெழுத்து வேட்டை முடியும் முன்பே, 2013 ஜூனில், பொதுச் சேவைகளை ஒப்பந்த அடிப்படையில் நிறுவனங்களிடம் விடுவது குறித்த புதிய சட்டத்திலிருந்து தண்ணீரை ஆணையம் எடுத்துவிட்டது. அப்புறம் 2020-ல் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, எல்லோருக்கும் குடிநீர் எட்டும்படி செய்வது உறுப்பு நாடுகளின் பொறுப்பானது. தொடங்கியதிலிருந்து சட்டம் வரை எட்டு வருடங்கள். அதிலும் இயக்கம் கேட்டபடி “தண்ணீர் மனித உரிமை” என்று சட்டத்தில் பட்டவர்த்தனமாக எழுதிவிடவில்லை. ஆனாலும் இந்த வழியில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுதான்.

தோல்விக்கும் ஒரு உதாரணம் பார்க்கலாம். கோழி, பன்றி, கன்றுக்குட்டி, முயல் என்று பண்ணை விலங்குகளைக் கூண்டில் அடைக்கக் கூடாது என்று ஏறக்குறைய 14 லட்சம் பேர் கேட்டார்கள். 2021 ஜூனில் ஆணையம் சரி என்றது. 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவைக் கொண்டுவருகிறோம் என்று எழுத்துபூர்வமாகவே சொன்னது. 2023 போனது, முன்மொழிவு வரவில்லை. ஒத்துக்கொண்டு இழுத்தடித்தால் என்ன செய்வது? 2024-ல் இயக்கத்தினர் வழக்கே போட்டார்கள். அதனால் பெரிய பயன் இருக்குமா என்பது வேறு விஷயம். பதில் சொல்வதுதான் ஆணையத்தின் கடமை, கேட்டதைச் சட்டமாக்குவது அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே வேறொரு வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட ஒன்றியத்தின் குடியுரிமை வேண்டும். பாரிஸ் லா சப்பேலில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் போடலாம். இருபது வருடம் வதிவிட அனுமதியோடு வரி கட்டியிருந்தாலும், குடியுரிமை இல்லையென்றால் முடியாது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள சூரிச், ஒஸ்லோ, லண்டனில் அந்தந்த நாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் உறவுகள் இந்த ஆட்டத்திலேயே இல்லை.

குலுக்கல்

மக்ரோன் கேட்ட மாநாடு கடைசியில் 2021 மே 9 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் தொடங்கியது. ‘ஐரோப்பாவின் எதிர்காலம் குறித்த மாநாடு’ என்று பெயர். அதன் உயிர் நான்கு மக்கள் குழுக்களில் இருந்தது. குழுவுக்கு 200 பேர், மொத்தம் 800. தொலைபேசி எண்களைக் குத்துமதிப்பாகத் தேர்ந்து அழைத்து ஆள் எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு 16 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

முன்பின் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டு, “ஸ்ட்ராஸ்பூர்க் வந்து ஐரோப்பாவைப் பற்றிப் பேசுங்கள், பயணச் செலவும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு” என்றால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஏதோ மோசடி என்று வைத்துவிடுவோம். வைக்காமல் வந்தவர்களுக்கு நாடாளுமன்ற அரங்கில் இருக்கை கொடுத்து, காதில் கேட்பொறி மாட்டி, 24 மொழிகளில் உடனுக்குடன் பெயர்த்துச் சொன்னார்கள். பேசுபவர் ஃபின்னிஷ் மொழியில் பேச, கேட்பவர் போர்ச்சுகீஸில் கேட்டார். அடுத்த சுற்று இணையத்தில் நடந்தது. கடைசிச் சுற்றுக்கு டப்ளின், ஃப்ளோரன்ஸ், வார்சா, மாஸ்ட்ரிக்ட் என்று பிரிந்தார்கள்.

கையெழுத்தில் இல்லாத ஒன்று இங்கே நடந்தது. கையெழுத்துப் போடுபவர் ஏற்கெனவே நினைத்திருப்பதைத்தான் பதிவு செய்கிறார், அதற்கு இரண்டு நிமிடம் போதும். குலுக்கலில் வந்தவர் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டியிருந்தது, சில வாரயிறுதிகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டதும் சில்லறை விஷயங்கள் அல்ல. ஒரே ஒரு நாடு கையைத் தூக்கினால் எல்லாம் நின்றுபோகும் ‘ஏகமனதாக’ விதியைப் பெரும்பாலான விஷயங்களில் கைவிடுங்கள் என்றார்கள். நாடாளுமன்றத்துக்கே சட்ட முன்மொழிவு உரிமை கொடுங்கள் என்றார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே வேட்பாளர் பட்டியல் வேண்டும் என்றார்கள். 49 பரிந்துரைகள், அவற்றின் கீழ் முந்நூறுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகள்.

2022 மே 9 அன்று அறிக்கையைக் கையளித்தார்கள். அதே நாளில் ஸ்வீடன், டென்மார்க், போலந்து உட்பட 13 அரசுகள் சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டன: ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்த இப்போது என்ன அவசரம்? உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது, தலைவர்களின் கவனமெல்லாம் அங்கே. அது நியாயமான காரணம்தான். ஆனால் போர் இல்லாதிருந்தால் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நாடாளுமன்றம் மட்டும் விடாமல் பிடித்து, 2023 நவம்பரில் ஒப்பந்தத் திருத்த முன்மொழிவுகளை நிறைவேற்றியது. ஆதரவு 291, எதிர்ப்பு 274. அந்தக் கோப்பு இப்போது உறுப்பு நாட்டுத் தலைவர்களின் மேசையில் கிடக்கிறது.

குலுக்கல் வழி இதோடு செத்துவிடவில்லை. ஆணையம் அதைச் சின்னதாக்கி எடுத்துக்கொண்டது: ஒரு சட்டம் வருவதற்கு முன் 150 பேரைக் கூட்டிக் கருத்துக் கேட்பது. உணவு விரயம் பற்றிய குழு அப்படிக் கூடியது, அதைத் தொடர்ந்து உணவு விரயத்தைக் குறைக்கும் கட்டாய இலக்குகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் ஒன்றியத்தை யார் ஆள்வது என்று கேட்கவந்தவர்களைக் குளிர்சாதனப் பெட்டியில் மீந்த சோற்றுக்கு அனுப்பிவிட்டது போல எனக்கொரு நெருடல்.

குலுக்கலால் எதுவும் நகராது என்பவர்களுக்கு அயர்லாந்தைக் காட்டலாம். அங்கே குலுக்கலில் வந்த 99 பேர் கருக்கலைப்புத் தடையைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்து, அரசியல் சட்டத்தை மாற்றச் சொன்னார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். குழு பேசி முடித்த பிறகு நாடே வாக்களிக்கும் என்ற அடுத்த படி அங்கே இருந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் படிக்கட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

நேரடி வாக்கெடுப்பு

பல்லுள்ள வழி எது என்றால் இதுதான். கடித்தும் காட்டியிருக்கிறது. 2005 மே 29 அன்று ஒன்றியம் முழுவதற்குமான உத்தேச ஐரோப்பிய அரசியல் சட்டத்தை பிரான்ஸ் 54.7 சதவீத வாக்குகளால் நிராகரித்தது. மூன்று நாள் கழித்து நெதர்லாந்து 61.5 சதவீதத்தால். ஸ்பெயினும் லக்ஸம்பர்க்கும் ஆமாம் என்று சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை.

அடுத்து வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் பழைய சரக்கில் பெரும்பகுதி இருந்தது, ஆனால் பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் மக்களிடம் கேட்கவில்லை. அயர்லாந்து மட்டும் கேட்டது. 2008-ல் இல்லை என்று பதில் வந்ததும், 2009-ல் திரும்பக் கேட்டது. பிடித்த பதில் வரும்வரை கேட்பார்கள் என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். அது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆணையத்தில் ஒரு உறுப்பினர் இடம் தொடரும் என்பது உள்ளிட்ட உத்தரவாதங்களை வாங்கிக்கொண்டுதான் அயர்லாந்து இரண்டாம் முறை 67 சதவீதத்தோடு ஒத்துக்கொண்டது.

எனக்கு இதிலுள்ள பெரிய குறை வேறு. வாக்கெடுப்பு நாட்டுக்கு நாடு தனித்தனியாக நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அப்போதைய அதிபர் சிராக்கின் அரசு மேலிருந்த கோபத்தையும் சேர்த்தே அந்தச் சீட்டில் போட்டார்கள். ஐரோப்பாவைப் பற்றிக் கேட்டால் உள்ளூர்க் கணக்கைத் தீர்க்கிறார்கள் என்று குறைபட்டுப் பிரயோஜனமில்லை; உள்ளூர் மேடை போட்டுக் கொடுத்தால் உள்ளூர் நாடகம்தான் நடக்கும்.

ஒரே பட்டியல்

இப்போதைய வாக்குச்சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் அது விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும், முப்பதுக்கும் மேற்பட்ட கட்சிகள். அத்தனையும் ஜெர்மன் கட்சிகள். 2019-ல் வலதுமைய அணி மான்ஃபிரட் வெபரை ஆணையத் தலைவர் பதவிக்கு முன்னணி வேட்பாளராக நிறுத்தியது. அவர் கட்சி பவேரியாவில் மட்டும் போட்டியிடும் கட்சி என்பதால், லிஸ்பன்வாசி இருக்கட்டும், பெர்லின்வாசியின் சீட்டிலேயே அவர் பெயர் இல்லை. தேர்தல் முடிந்ததும் நாட்டுத் தலைவர்கள் அவரை ஓரங்கட்டி, பிரசாரத்தில் எங்குமே தென்படாத உர்சுலா வான் டெர் லேயனைக் கொண்டுவந்தார்கள். 2024-ல் அவர் முன்னணி வேட்பாளராகவே வந்தார். அப்போதும் எந்த நாட்டின் சீட்டிலும் அவர் பெயர் அச்சாகவில்லை, நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்கு அவர் போட்டியிடவே இல்லை. 2014-ல் முன்னணி வேட்பாளராக நின்று ஆணையத் தலைவரான யுங்கரின் கதையும் இதேதான்.

ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டாவதாக ஒரு சீட்டு கொடு, அதில் 27 நாடுகளுக்கும் பொதுவான பட்டியல்கள் இருக்கட்டும் என்பதுதான் நான்காவது வழி. பிரிட்டன் விட்டுப்போகும் 73 இடங்களில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம் என்ற யோசனையை 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. 2022 மே மாதம் மனம் மாறி 28 இடங்களுக்குச் சம்மதித்தது. ஆனால் இதற்கு எல்லா அரசுகளும் ஏகமனதாகத் தலையாட்ட வேண்டும், ஆட்டவில்லை. சின்ன நாடுகளின் பயத்தில் அர்த்தம் இருக்கிறது: பொதுப் பட்டியலில் மால்டாக்காரருக்கு எத்தனையாவது இடம் கிடைக்கும்? வாக்குகள் மொத்தமாகக் கிடக்கும் ஜெர்மனியையும் பிரான்ஸையும் நோக்கித்தான் எல்லாக் கட்சிகளும் ஓடும்.

அனுமதிக்குக் காத்திராமல் ஒரு கட்சி இதை நடத்திப் பார்க்கிறது. 2017-ல் தொடங்கிய வோல்ட், பல நாடுகளில் ஒரே பெயரில் ஒரே தேர்தல் அறிக்கையோடு நிற்கிறது. 2019-ல் ஜெர்மனியில் ஒரு இடம். 2024-ல் ஜெர்மனியில் மூன்று, நெதர்லாந்தில் இரண்டு. 720 பேர் கொண்ட அவையில் ஐந்து. மற்ற நாடுகளில் ஒன்றும் தேறவில்லை.

என் கணக்கு

குறிப்பான ஒரு சட்டம் மாற வேண்டும் என்றால் கையெழுத்தையே சொல்வேன். தண்ணீர் இயக்கம் போல ஊரில் ஏற்கெனவே கொதிக்கும் விஷயமாக இருக்க வேண்டும், எட்டு வருடம் பொறுக்கவும் வேண்டும். சிக்கலான விஷயத்தில் நிதானமான கருத்து வேண்டுமென்றால் குலுக்கல், ஆனால் அயர்லாந்து போல முடிவில் ஒரு வாக்கெடுப்பைக் கட்டிவைத்தால் மட்டும். வாக்கெடுப்பைத் தனியாக நாடு நாடாக நடத்துவதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

பொதுவான அரசியல் கனவு வேண்டும் என்பவர்களுக்கு நான்காவது வழிதான் பொருந்தும். அது அழகான யோசனை என்பதால் சொல்லவில்லை. மற்ற மூன்றிலும் தோற்பவர் என்று யாரும் இல்லை, அல்லது தோற்றவர் வேறு நாட்டில் இருக்கிறார். ஒரே சீட்டில் ஒரே பெயர்கள் இருந்தால், போர்ட்டோவில் இருப்பவரும் கிராகோவில் இருப்பவரும் ஒரே ஆளைத் தோற்கடிக்கலாம். அந்த ஆள் அடுத்த முறை வாக்குக் கேட்டு இரண்டு ஊருக்கும் வர வேண்டியிருக்கும். 13 அரசுகள் ஒரு குறிப்பு எழுதி அதைத் தள்ளிப்போட முடியாது.

அடுத்த ஐரோப்பியத் தேர்தல் 2029-ல். 28 இடங்களுக்கான கோப்பில் கையெழுத்துகள் விழவில்லை என்றால், ஜெர்மன் வாக்காளர் அப்போதும் அதே ஒரு மீட்டர் சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவார்.