லா ஹோயாவில் ஸ்நார்க்கலிங் போகிறவர்களுக்கு: மழை பெய்ததா என்று முதலில் பாருங்கள்

சான் டியாகோவுக்கு விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் பலரும் அங்குள்ள லா ஹோயா கடற்கரையில் ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீரில் மிதந்தபடி மீன் பார்ப்பது) போகிறார்கள். அருமையான இடம்தான். ஆனால் மழை பெய்து மூன்று நாள் ஆகாமல் அங்கே கடலில் இறங்காதீர்கள். டூர் நடத்துகிறவர்கள் இதைத் தாங்களாகச் சொல்வார்கள் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். எங்களுக்குச் சொல்லவில்லை.

போன நவம்பரில் மதுரையிலிருந்து மச்சினன் வந்திருந்தான். கரிபால்டி மீனைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். கலிபோர்னியாவின் மாநிலக் கடல்மீன் அது. பாறை இடுக்குகளில் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் திரியும். அவன், நான், பதினொரு வயது மகன் என்று மூன்று பேருக்கு சனிக்கிழமை காலைக்குப் பணம் கட்டினேன். வியாழன் இரவு அந்தப் பருவத்தின் முதல் மழை கொட்டியது.

வெள்ளிக்கிழமை போன் செய்து, மழைத் தண்ணீர் கடலில் கலந்திருக்குமே, இறங்கலாமா என்று நேராகவே கேட்டேன். "அலையே இல்லை, தண்ணீர் நன்றாக இருக்கிறது, தைரியமாக வாருங்கள்" என்றார்கள். நம்பினேன்.

லா ஹோயா ஷோர்ஸில் அவெனிடா டி லா பிளாயா தெரு போய் மணலில் முடிகிற இடத்தில் மழைநீர் வடிகால் ஒன்று கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கயாக் எனும் சிறு துடுப்புப் படகுகளை இறக்குவதும் அங்கேதான். அன்று அதிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் மணலை அறுத்துக்கொண்டு ஓடியது. ஓரமெல்லாம் நுரை, சிகரெட் துண்டுகள், காபி கப் மூடிகள். "மாமா, இதுலயா இறங்கணும்?" என்றான் மச்சினன். வழிகாட்டியோ, கொஞ்சம் தள்ளிப் போனால் தெளிந்துவிடும் என்றார். தெளியவில்லை. நீட்டிய கை மங்கலாகத்தான் தெரிந்தது. கரிபால்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கரையேறியதும் அதே வழிகாட்டி தாழ்ந்த குரலில், "பையனின் காதை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இங்கே மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. வடிகாலில் விழுவது சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராகக் கடலுக்குப் போகிறது. மாதக்கணக்கில் தெருவில் கிடந்த நாய்க் கழிவு, எண்ணெய், குப்பை எல்லாவற்றையும் முதல் மழைதான் மொத்தமாக அடித்துக்கொண்டு வரும். அதனால்தான் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று கவுண்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) அறிவிக்கிறது. வெள்ளிக்கிழமையே அந்த அறிவிப்பு வந்திருக்கிறது. தினமும் அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாது என்றால் நான் எப்படி நம்புவது? எங்கள் கண்ணில் பட எச்சரிக்கைப் பலகையும் இல்லை. இன்னொன்று, மாநிலச் சட்டப்படி கூட்டம் வரும் கடற்கரைகளில் வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதிப்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் கட்டாயம். மழைக்காலமோ அதற்கு அப்புறம்தான் வருகிறது.

திங்கட்கிழமை மகனுக்குக் காதுவலி, வயிற்றுப்போக்கு. கடலில் குளித்தானா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான்கு இரவு அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தவன் நான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். அலை அதிகமாக இருந்தால் மட்டுமே பணம் திரும்பும், தண்ணீரின் தரம் அதில் சேராது என்று இரண்டு வரியில் பதில். எழுதிக்கொடுத்த நிபந்தனையில் அது இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. சரி, பணம் போகட்டும். போனில் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

நீங்கள் போவதாக இருந்தால், தண்ணீரின் தரம் குறித்து எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். கிளம்பும் நாள் காலையில் கவுண்டியின் கடற்கரை நீர்த்தரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை. காது, வயிறு அடிக்கடி தொந்தரவு தரும் பிள்ளைகள் இருந்தால் மழை மாதங்களில் இந்தத் திட்டமே வேண்டாம்.