முதலில் கிளிப்பா, அறுவையா? தாடைச் சீரமைப்பில் மனநிறைவு எங்கே குறைகிறது

கீழ்த்தாடை முன்தள்ளியவருக்கு வழக்கமான பாதை இது: 12 முதல் 18 மாதம் பல் கிளிப், பிறகு தாடை எலும்பை அறுத்து நகர்த்தி டைட்டானியம் தகடு பொருத்துதல், அதன்பின் மேலும் 6 முதல் 12 மாதம் கிளிப். மற்றொரு பாதையில் எடுத்த எடுப்பிலேயே அறுவை, பல்வரிசை பிறகு. எலும்பில் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மனம் சோரும் காலம்தான் இடம் மாறுகிறது.

வழக்கமான பாதையில் அது அறுவைக்கு முன்பே வந்துவிடும். தாடைக் குறையை மறைக்க, கீழ் முன்பற்கள் காலப்போக்கில் உள்ளே சாய்ந்திருக்கும். கிளிப் அவற்றை நிமிர்த்தும்போது மறைந்திருந்த குறை வெளியே வருகிறது. 3 மி.மீ. பின்தங்கியிருந்த மேற்பல், 6 மி.மீ. பின்தங்கியதுபோல் தெரியலாம். நூடுல்ஸைக்கூட முன்பல்லால் நறுக்க முடியாது. "கிளிப் போட்டும் மோசமாகிறதே" என்று பலர் கலங்குவது இங்கேதான். சிகிச்சை சரியாகப் போவதன் அடையாளமே அது என்பதை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

அறுவை முந்தும் பாதையில் இந்த மாதங்கள் இல்லை. முகம் முதலிலேயே மாறுவதால் ஆரம்ப நிறைவு அதிகம். எலும்பு ஆறும் முதல் 3, 4 மாதங்களில் பற்களும் வேகமாக நகரும். மொத்தக் காலம் சுருங்கும். ஆனால் அறுவை முடிந்து கண் விழிக்கையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இரண்டு மூன்று இடங்களில்தான் முட்டும். பற்களுக்கு இடையே வைக்கும் அக்ரிலிக் தட்டையும், தாடைகளை இணைக்கும் எலாஸ்டிக் வளையங்களையும் சொன்னபடி போடாவிட்டால் கடி, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம், விலகும். கடுமையான பல் நெரிசல், குறுகிய மேல்தாடை, ஆழமாக வளைந்த கீழ்வரிசை உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசிக் கடியை முன்கூட்டியே கணிப்பதில் பிழை வர வாய்ப்பு மிக அதிகம்.

இரண்டுக்கும் பொதுவான சிரமங்களும் உண்டு. வீக்கம் 2, 3 நாளில் உச்சம் தொடும்; பெரும்பகுதி சில வாரங்களில் வடியும், மிச்சம் கரைய மாதங்கள் ஆகும். கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது கீழ்த்தாடையைப் பிளக்கும்போது நரம்பு இழுபடுவதால். சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடும். முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர் இதைச் சமாளிக்கிறார், தெரியாதவர் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்.

தாடைக் குறை ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. அதிகபட்சம் 88, மதிப்பெண் குறைந்தால் நல்லது. எந்த நாளில் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள். வழக்கமான பாதையில் அறுவைக்கு முந்தைய நாள் கேட்டால், கிளிப்பால் முகம் மோசமாகியிருக்கும் நேரம் அது. அதிலிருந்து கணக்கிட்டால் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். கிளிப் போடுவதற்கு முன் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால்தான் இரண்டு பாதைகளையும் நியாயமாக எடைபோட முடியும்.