குடியாத்தத்தில் ஒரு கால்நடை மருந்துக் கடை: மாட்டுக்கும் பாறுக் கழுகுக்கும் நல்லது

எங்கள் கறவை மாட்டுக்குக் காய்ச்சலும் கால் வீக்கமும் வந்தபோது, மருத்துவர் எழுதிய சீட்டுடன் குடியாத்தம் கடைத்தெருவில் உள்ள இக்கடைக்குச் சென்றேன். முன்பு வேறொரு கடையில் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி ஊசியையே மாட்டுக்கும் தந்திருந்தார்கள். இங்கோ கடைக்காரர் பாறுக் கழுகுகளுக்குத் (பிணந்தின்னிக் கழுகுகளுக்குத்) தீங்கு செய்யாத வலி நிவாரணியான மெலாக்சிகாம் மருந்தை எடுத்து வைத்து, டைக்ளோஃபெனாக் போட்ட சில நாள்களில் மாடு இறந்தால் அதன் இறைச்சியைத் தின்னும் பாறுக் கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். இந்தியாவில் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006இலும், அதேபோல் பாறுகளுக்குக் கேடான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணிகள் இரண்டும் 2023இலும் தடை செய்யப்பட்டன. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குக் காட்டில் நீர்மருது மரங்களில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் வெண்முதுகுப் பாறுகளின் உயிர் இத்தகைய கடைகளின் நேர்மையில்தான் இருக்கிறது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. விலை நியாயம், ரசீதும் உண்டு. மாலை ஏழு மணிக்கே மூடிவிடுவது மட்டும் சிரமம்.